மின்னிலக்க இசையும் மக்கள் கருத்தும்

இசையைப் பற்றிக் கருத்து இல்லாத மனிதர் இலர். கணக்கில் ஐயம் வந்தால் கணக்கறிந்தவரை நாடுவோரும், உடலில் நோய் வந்தால் மருத்துவரை நாடுவோரும், பாட்டு என்று வந்துவிட்டால் தம் செவியையே நடுவராக வைத்துக்கொள்வர். அது குறையன்று. செவிக்கு இனியதைச் செவியே அறியும். ஆயினும், செவி அறிந்தது எது, செவி அறிந்ததாக வாய் சொல்வது எது என்று பிரித்துக் காண்பது திறனாய்வின் கடமையாகும்.

கணினியும் கைப்பேசியும் பாட்டுப் பெட்டிகளாக மாறிய பின்னர், மின்னிலக்க இசையைப் பற்றிச் சில கருத்துகள் மக்களிடையே வேரூன்றிவிட்டன. காப்பிக் கடையிலும் ஆசிரியர் அறையிலும் திருமண வீட்டிலும் அவற்றைக் கேட்கலாம். "பழைய இசைத்தட்டில் இருந்த உயிர் கணினிப் பாட்டில் இல்லை" என்பது ஒன்று. "சுருக்கிக் கோப்பாக்கினால் பாதிப் பாட்டுப் போய்விடும்" என்பது மற்றொன்று. "எண் கூடக் கூட இனிமையும் கூடும்" என்பது மூன்றாவது. "பணம் கொடுத்து வாங்கிய பாட்டு நம்முடையதே" என்பது நான்காவது. முதல் மூன்றையும் பற்றி மணிக்கணக்காக வாதிடுவோர் பலர். நான்காவதைப் பற்றி வாதிடுவோரைக் காண்பது அரிது. அதனை ஐயுறுவோரே இலர் எனலாம்.

இந்நான்கையும் உரைகல்லில் இட்டுப் பார்த்தால் விளங்கும் செய்தி வியப்புக்குரியது. வாதிடப்படும் மூன்றில் அச்சத்திற்குரிய பகுதி சிறிது. வாதிடப்படாத ஒன்றிலோ அது பெரிது. செவியைக் காக்க முன்வந்தவர்கள், கையில் இருந்த பொருள் நழுவுவதைக் கவனியாது விட்டனர். இதனை ஒவ்வொன்றாக ஆராய்தல் தக்கது.

எண்ணால் உயிர் போகுமா?

ஒலியை எண்ணாக மாற்றினால் அதன் உயிர் போய்விடும் என்பது முதற் கருத்து. ஒலியை அளந்து எண்ணால் குறிப்பது தமிழாசிரியர்க்குப் புதிய செய்தியன்று. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியர் வகுத்தார். இயல்பாகக் கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமுமே அவர் கொண்ட அளவு. அவ்வாறு எண்ணிட்டதனால் தமிழ் எழுத்துகளின் ஓசை கெட்டுவிடவில்லை. எண் ஒலிக்குப் பகையாகாது. எடுத்த அளவு போதுமானதா என்பது ஒன்றே கேட்கத்தக்க கேள்வி.

குறுந்தட்டு 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பானின் சோனி நிறுவனமும் கூடி அதன் இலக்கணத்தை வகுத்தன. அதில் ஒலியலையின் உயரம் நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் நீளமுள்ள எண்ணாக, அதாவது 65,536 படிநிலைகளுள் ஒன்றாக எழுதப்படுகிறது. இடச்செவி, வலச்செவி ஆகிய இரண்டிற்கும் சேர்த்துக் கணக்கிட்டால் நொடிக்கு 1,411,200 பிட்டுகள் ஆகின்றன.

"ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே இருந்த ஒலி என்ன ஆயிற்று? படிக்கட்டுப் போல வெட்டுண்ட அலைதானே மிஞ்சும்?" என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. அதற்கு விடை குறுந்தட்டு பிறப்பதற்கு நெடுநாள் முன்னரே கிடைத்துவிட்டது. அமெரிக்கப் பொறியாளர் ஹாரி நைக்விஸ்ட் 1928-இல் அடிகோலிய கருத்தை, பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளாட் ஷானன் 1949-இல் வெளியிட்ட கட்டுரையில் கணித முறையில் நிறுவினார். ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேல் அளவெடுத்தால், அவ்வலையை இடைவெளியின்றி மீட்டெடுக்கலாம் என்பது அதன் சாரம். மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேளாது; அகவை ஏற ஏற அவ்வெல்லையும் தாழும். 44,100 என்னும் எண் அவ்வெல்லையின் இரு மடங்கைக் கடந்தது. ஆதலின் ஒலிபெருக்கியை அடையும் அலை தொடர்ச்சியான வளைவே ஆகும். நூல்களில் வரைந்து காட்டப்படும் படிக்கட்டு, விளக்கத்திற்கென வந்த படம். செவிக்கு வரும் ஒலியன்று.

16 பிட் அளவில் எஞ்சும் பிழையும் ஒன்று உண்டு. அது மெல்லிய இரைச்சலாக, முழு ஒலிக்கு ஏறத்தாழ 96 டெசிபல் கீழே நிற்கும். இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி உரசுவதால் எழும் இரைச்சல் அதனினும் மிகுதி. ஆகவே, உயிர் போயிற்று என்பார் சுட்டும் குற்றம் எண்ணில் இல்லை.

சுருக்கத்தின் கணக்கு

இரண்டாவது கருத்து, சுருக்கப்பட்ட கோப்புகளைப் பற்றியது. எம்பி3 என்னும் முறையை ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், பிரான்ஹோபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவரோடு உழைத்தவர்களும் வளர்த்தெடுத்தனர். 1995 சூலையில் கோப்பின் பெயருக்குப் பின் அக்குறியை இடும் வழக்கம் தோன்றிற்று. நொடிக்கு 128,000 பிட் என்னும் அளவில் அமைந்த எம்பி3 கோப்பு, குறுந்தட்டில் உள்ளதன் பதினொன்றில் ஒரு பங்கே இருக்கும். பத்துப் பங்கு எங்கே போயிற்று என்று மக்கள் திடுக்கிடுவது இயல்பே.

பேரொலி ஒன்று எழும்போது அதனை ஒட்டிய சிற்றொலி செவிக்கு எட்டாது. தவில் அதிரும் வேளையில் பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது கேளாமை போன்றது இது. செவியின் இவ்வியல்பை அறிந்து, கேளாத ஒலியை எழுதாது விடுவதும், கேட்கும் ஒலியைச் சிக்கனமான முறையில் எழுதுவதும் ஆகிய இரண்டு வழிகளால் கோப்புச் சிறுக்கிறது. ஆகவே, பத்துப் பங்கு எண்கள் நீங்கின என்றால் பத்துப் பங்கு பாட்டு நீங்கிற்று என்பது பொருளாகாது.

எனினும் இக்கருத்து முழுப் பொய்யும் அன்று. அமெரிக்கப் பாடகி சூசன் வேகாவின் 'டாம்ஸ் டைனர்' என்னும் பாட்டு, இசைக்கருவி ஒன்றும் இன்றித் தனிக்குரலில் அமைந்தது. தொடக்க காலச் சுருக்கத்தில் அக்குரல் கெட்டு ஒலித்தது. மறைப்பதற்கு வேறு பேரொலி இல்லாத தனிக்குரலில் சிறு பிழையும் வெளிப்பட்டு நிற்கும் அன்றோ? பிராண்டன்பர்க் அப்பாட்டையே சோதனைப் பொருளாக வைத்துத் தம் முறையைத் திருத்தித் திருத்திச் செப்பம் செய்தார். இன்றும் நொடிக்கு 64,000 பிட் அளவுக்குள் ஓர் எம்பி3 பாட்டை அடக்கினால், தாளத்தட்டின் ஓசை நீர் சலசலப்பது போல மாறுவதைப் பலரும் உணரலாம். 256,000 அளவில் வேறுபாட்டைக் காண்பது பயின்ற செவிக்கும் கடினம். "சுருக்கம் கெடுக்கும்" என்று மட்டும் கூறுவது பாதிக் கருத்தே. எந்த அளவில் கெடுக்கும் என்று சேர்த்துச் சொன்னால்தான் அது நிறைவுபெறும்.

இங்கே குறிக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2017 ஏப்ரலில் எம்பி3-க்கு உரிமம் வழங்கும் திட்டம் முடிவுக்கு வந்தது. காப்புரிமைக் காலம் கழிந்தமையே காரணம். அச்செய்தியைக் கண்டு, "எம்பி3 மாண்டது" என்று பல நாட்டு ஏடுகள் எழுதின. மக்களும் அவ்வாறே பேசினர். உண்மையில் நடந்தது அதற்கு நேர்மாறானது. அதுவரை கட்டணம் செலுத்திப் பயன்படுத்தப்பட்ட முறை, அன்று முதல் எவரும் கட்டணமின்றி எடுத்தாளும் பொதுச்சொத்தாயிற்று. உரிமையாளர் கை விலகியதை இறப்பு என்று எண்ணியது, உரிமை என்னும் பொருளைப் பற்றி மக்கள் எவ்வளவு குறைவாகச் சிந்திக்கின்றனர் என்பதற்கு நல்ல சான்று.

கண்ணை மறைத்த சோதனை

மூன்றாவது கருத்து, எண் கூடினால் இனிமை கூடும் என்பது. 24 பிட் என்றும் 96,000 என்றும் 192,000 என்றும் எண்களை அடுக்கி விற்கப்படும் உயர்தரக் கோப்புகள் இன்று பல உள்ளன. விலையும் அதற்கேற்ப உயர்கிறது. இதனைத் தீர்க்க வழி ஒன்றே. எது ஒலிக்கிறது என்பதைக் கேட்பவர் அறியாதவாறு மறைத்துவிட்டு, செவியை மட்டும் கேட்க வேண்டும்.

மேயர், மோரன் என்னும் இருவர் அவ்வாறு நடத்திய சோதனையின் முடிவு 2007-இல் அமெரிக்க ஒலிப்பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. உயர்தரப் பதிவை ஒருமுறை அப்படியே ஒலிக்கச் செய்தனர். மறுமுறை குறுந்தட்டின் அளவுக்கு இறக்கி ஒலிக்கச் செய்தனர். 554 முறை நடந்த சோதனையில் சரியாகக் கண்டறிந்தவை 276. காசைச் சுண்டிப் போட்டு விடை சொல்லியிருந்தாலும் ஏறத்தாழ அத்தனையே சரியாகியிருக்கும். பின்னர் 2016-இல் இலண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ், அதுவரை நடந்த 18 சோதனைகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டார். நூற்றுக்கு 52.3 முறை வேறுபாடு சரியாக உணரப்பட்டது என்றும், பயிற்சி பெற்றவரிடம் அது சற்று உயர்ந்தது என்றும் அவர் கண்டார். வேறுபாடு அறவே இல்லை என்று சொல்வது ஆகாது. ஆனால் இருக்கும் வேறுபாடு நூற்றில் இரண்டின் அளவே. கடைத்தெருவில் முழங்கும் "வானுக்கும் மண்ணுக்கும் உள்ள வேறுபாடு" அதில் இல்லை.

செவியைப் பெயர் எவ்வாறு ஏமாற்றும் என்பதற்கு 2022-இல் வேறொரு சான்று கிடைத்தது. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி என்னும் நிறுவனம், மூல ஒலிநாடாவிலிருந்து ஆக்கப்படும் உயர்ந்த விலை இசைத்தட்டுகளுக்குப் பெயர் பெற்றது. எண் கலவாத தூய ஒலி என்று நம்பி அவற்றைப் போற்றினர் இசைத்தட்டு அன்பர்கள். 2011-ஆம் ஆண்டு முதலே அத்தட்டுகள் பலவற்றின் ஆக்கத்தில் மின்னிலக்கப் படி ஒன்று இடையே இருந்தது என்பதை அந்நிறுவனம் 2022 சூலையில் ஒப்புக்கொண்டது. பத்தாண்டுக்கு மேலாக அவற்றில் "எண்ணின் குளிர்ச்சி" இல்லை என்று பாராட்டியவர்கள், எண் வழியே வந்த ஒலியையே கேட்டுக்கொண்டிருந்தனர். தட்டு கெட்டதாகவில்லை, அது முன்போலவே இனிதாக ஒலித்தது. உடைந்தது கருத்துத்தான்.

செவி கண்ட குற்றம்

இவ்வாறு சொல்வதனால் மக்களின் செவி குறையுடையது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பழைய இசைத்தட்டு இனித்தது, அதே பாட்டின் புதிய குறுந்தட்டு தலைவலி தந்தது என்று பலர் கூறியதில் உண்மை இருந்தது. ஆனால் குற்றவாளி வேறொருவர்.

1990-களில் தொடங்கி, தம் பாட்டு மற்றப் பாட்டுகளினும் உரக்கக் கேட்க வேண்டும் என்னும் போட்டி மேலைநாட்டு இசை நிறுவனங்களிடையே எழுந்தது. மெல்லிய ஒலியைத் தூக்கியும், வல்லிய ஒலியை அமுக்கியும், பாட்டு முழுவதையும் ஒரே உச்சத்தில் நிறுத்தினர். தாழ்வும் உயர்வும் அற்ற பேச்சு எவ்வாறு சலிப்பூட்டுமோ அவ்வாறே அப்பாட்டும் சலிப்பூட்டிற்று. 2008-இல் மெட்டாலிக்கா என்னும் இசைக்குழு 'டெத் மேக்னெட்டிக்' என்னும் தொகுப்பை வெளியிட்டது. அப்பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' என்னும் கணினி விளையாட்டுக்கும் வழங்கப்பட்டிருந்தன. விளையாட்டில் ஒலித்தவை தெளிவாகவும், குறுந்தட்டில் ஒலித்தவை நசுங்கியும் இருப்பதை இரசிகர்களே கண்டுபிடித்தனர். மீண்டும் செப்பம் செய்து வெளியிடுமாறு ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டனர்.

இரண்டு வடிவமும் மின்னிலக்கமே என்பதை இங்கு நினைவில் கொள்ளல் வேண்டும். செவி குற்றத்தைச் சரியாகக் கண்டது. வாய் அதற்குத் தவறான பெயரை இட்டது. ஏடு கெட்டது எழுதியவன் கைப்பிழையால். பழி பனையோலையின் மேல் விழுந்தது.

கருவியும் மென்பொருளும்

ஒலியின் தரத்தைப் பற்றி இவ்வளவு வாதிட்ட மக்கள், கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது எதனைப் பார்த்தனர்? இதற்கு விடை காணச் சிங்கப்பூரை நோக்குதல் தகும். மேசைக் கணினிக்குக் குரல் கொடுத்தவருள் சிம் வோங் ஹூ முதன்மையானவர். அவர் தலைமையில் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்னும் ஒலி அட்டையை வெளியிட்டது. அதுவரை வெறும் 'கிய்' என்று ஒலித்த கணினிகள் பல, அவ்வட்டையால் பாடவும் பேசவும் கற்றன. 2000-ஆம் ஆண்டில் அதே நிறுவனம் 6 கிகாபைட் கொள்ளும் 'நோமட் ஜூக்பாக்ஸ்' என்னும் பாட்டுக் கருவியை வெளியிட்டது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐப்பாட் வெளிவந்தது அதற்குப் பின்னர், 2001 அக்டோபரில். அது 5 கிகாபைட்டே கொண்டது.

ஆயினும் ஐப்பாடே வென்றது. "அதன் ஒலி சிறந்தது, ஆகவே வென்றது" என்று கூறுவோர் உண்டு. வெற்றிக்குக் காரணம் எளிமையே. நோமட் கருவி குறுந்தட்டுக் கருவியின் அளவினது. ஐப்பாட் சட்டைப்பையில் அடங்கியது. முன்னதற்குப் பாட்டு ஏற்றிய கம்பி நொடிக்கு 12 மெகாபிட் வேகமுடையது. பின்னதன் கம்பி 400 மெகாபிட் வேகமுடையது. அதனினும் மேலாக, கணினியில் இருக்கும் பாட்டுகளை வரிசைப்படுத்திக் கருவிக்குத் தானே அனுப்பும் ஐடியூன்ஸ் என்னும் மென்பொருள் அதனோடு வந்தது. பாட்டுகளைத் தேடி எடுக்கும் முறை தன் காப்புரிமைக்கு உட்பட்டது என்று கிரியேட்டிவ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2006 ஆகஸ்டில் ஆப்பிள் நிறுவனம் 100 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுத்து உடன்பாடு செய்துகொண்டது. மக்கள் வாயால் போற்றியது ஒலியை. கையால் தேர்ந்தது எளிமையை. எளிமையை விரும்புவது குற்றமன்று. ஆனால் அவ்வெளிமையோடு ஒரு பூட்டும் சேர்ந்து வந்தது.

வாங்கியது எது?

2003 ஏப்ரல் 28-இல் ஐடியூன்ஸ் கடை அமெரிக்காவில் திறக்கப்பட்டது. பாட்டு ஒன்றுக்கு 99 காசு. பணம் செலுத்தியவர் பாட்டை வாங்கிவிட்டதாகவே எண்ணினார். ஆனால் அப்பாட்டு குறிப்பிட்ட சில கணினிகளிலும், அந்நிறுவனத்தின் கருவியிலும் மட்டுமே ஒலிக்குமாறு பூட்டப்பட்டிருந்தது. வேறொரு நிறுவனத்தின் கருவியை அவர் விரும்பினால், பாட்டு அங்கே வாய் திறவாது.

மற்றக் கடைகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2004-இல் எம்எஸ்என் மியூசிக் என்னும் கடையைத் திறந்தது. அதன் பாட்டுகள் 'பிளேஸ் ஃபார் ஷூர்', அதாவது 'உறுதியாக ஒலிக்கும்' என்னும் முத்திரை பெற்ற கருவிகளில் ஒலித்தன. 2006-இல் அதே நிறுவனம் வெளியிட்ட சூன் என்னும் கருவியில் அப்பாட்டுகள் ஒலிக்கவில்லை. அவ்வாண்டே கடையும் மூடப்பட்டது. 2008 ஆகஸ்டு முடிவோடு பூட்டுக்குத் திறவுகோல் வழங்குவதை நிறுத்திவிடப்போவதாக 2008 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. அதற்குப் பின் புதுக் கணினி வாங்குவோர், தாம் பணம் கொடுத்த பாட்டை அதில் கேட்க இயலாது. எதிர்ப்பு எழுந்தபின் அந்நாள் 2011-இன் இறுதிவரை தள்ளிவைக்கப்பட்டது. யாஹூ நிறுவனமும் 2008-இல் தன் இசைக்கடையின் திறவுகோல் பணியை நிறுத்துவதாக அறிவித்து, வாங்கியோர்க்கு ஈடு வழங்க நேர்ந்தது.

குறுந்தட்டை வாங்குவோரும் தப்பவில்லை. சோனி பிஎம்ஜி நிறுவனம் வெளியிட்ட சில தட்டுகளைக் கணினியில் இட்டதும், உரியவர் அறியாமல் ஒரு மென்பொருள் உள்ளே புகுந்து ஒளிந்துகொண்டது. படியெடுப்பதைத் தடுப்பது அதன் நோக்கம். 2005 அக்டோபர் 31-இல் மார்க் ருசினோவிச் என்னும் கணினி வல்லுநர் அதனை வெளிப்படுத்தினார். கண்டனம் பெருகியது, தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. பாட்டைக் கேட்க விலை கொடுத்தவரின் கணினி, பாட்டை விற்றவருக்கு ஏவல் செய்ய முற்பட்டது என்றால், யார் எதனை வாங்கினர் என்பது வினாவுக்குரியதாகிறது.

2007 பிப்ரவரியில் ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், இசை நிறுவனங்கள் பூட்டைக் கைவிட வேண்டும் என்று திறந்த மடல் எழுதினார். 2009-இல் ஐடியூன்ஸ் கடைப் பாட்டுகளின் பூட்டு நீங்கியது. முன்னர் வாங்கியவர்கள் அவற்றைத் திறக்கப் பாட்டுக்கு மேலும் 30 காசு செலுத்தவேண்டியிருந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அக்கடை திறக்கப்பட்டது 2012 சூனில். ஆதலின் இந்நாட்டு மக்கள் அதன் பூட்டுக் காலத்தை நேரில் பார்க்கவில்லை. உரிமையைப் பற்றிய ஐயம் இங்கு மிகக் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

சொல்லும் பொருளும்

இன்றோ பூட்டு என்னும் சொல்லே மறைந்துவிட்டது. பாட்டு இணையத்தில் ஓடிவந்து செவியில் விழுகிறது. மாதக் கட்டணம் நின்றால் பாட்டும் நிற்கிறது. இம்முறையின் நன்மையை மறுப்பதற்கில்லை. இரண்டு மூன்று இசைத்தட்டுகளின் விலையில் கோடிக்கணக்கான பாட்டுகள் எளியவர் வீட்டிற்கும் வந்து சேர்கின்றன. முன்னாளில் செல்வர்க்கே கிட்டிய நூலகம் இது. ஆனால் இந்நூலகத்தில் எந்த ஏடு நாளை இருக்கும் என்பதைப் படிப்பவர் முடிவு செய்வதில்லை.

பிறர் கையில் வைத்த பொருளுக்கு நேர்ந்ததை 2019 மார்ச்சு மாதம் காட்டிற்று. மைஸ்பேஸ் என்னும் தளத்தில் 2003 முதல் 2015 வரை இசைஞர்கள் ஏற்றி வைத்திருந்த பாட்டுகள் இடமாற்றத்தின்போது அழிந்துபோயின. அவை ஏறத்தாழ 50 மில்லியன் என மதிப்பிடப்பட்டன. அவற்றுள் மீண்டவை ஏறத்தாழ 490,000 மட்டுமே. அவையும் ஒரு கல்வியாளர் குழு முன்னரே தனியே படியெடுத்து வைத்திருந்ததால் மீண்டன. அவை பெரும்பாலும் தரங்குறைந்த எம்பி3 கோப்புகளே அன்றோ என்று அந்த இசைஞர்களிடம் யாரும் குறைகூற மாட்டார். இருப்பதே அங்குத் தரமாயிற்று.

2022-இல் அமெரிக்காவில் விற்ற இசைத்தட்டுகள் 41 மில்லியன். குறுந்தட்டுகள் 33 மில்லியன். 1987-க்குப் பின் இசைத்தட்டு முந்தியது அதுவே முதன்முறை. வாங்கியோரைக் கேட்டால் ஒலியின் இனிமை என்றே பலர் விடையளிப்பர். சோதனைகள் அவ்விடைக்குத் துணை நிற்கவில்லை என்பது மேலே கண்டதே. கையில் எடுக்கவும், அலமாரியில் வைக்கவும், நண்பர்க்குக் கொடுக்கவும், மக்களுக்கு விட்டுச் செல்லவும் ஆகும் ஒரு பொருள்மேல் எழுந்த விருப்பமே அங்கு ஒலியின் பெயரால் பேசுகிறது எனக் கொள்வது பொருந்தும். அவ்விருப்பம் நேரிது, அதற்குச் சொல்லப்படும் காரணமே தவறு.

விட்டுச் செல்லுதல் என்பது சிறு செய்தியன்று. தந்தை வாங்கிய இசைத்தட்டு மகளுக்கு வரும். அதனை எவரும் தடுப்பதில்லை. ஆப்பிள் நிறுவனம் 2021-இன் இறுதியில், இறந்தவரின் கணக்கை அவர் குறித்தவர் திறந்து பார்க்க ஓர் ஏற்பாடு செய்தது. படங்களும் மடல்களும் அவ்வழியே கிடைக்கும். இறந்தவர் விலை கொடுத்துப் பெற்ற இசையும் திரைப்படமும் நூலும் அதில் அடங்கா.

ஆகவே சிக்கல் ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. 'வாங்கு' என்னும் பொத்தானை அழுத்தியவர் வாங்கியது பொருளையா, கேட்கும் இசைவையா? கலிபோர்னியா மாநிலம் 2024-இல் இயற்றிய சட்டம் இதனையே தொட்டது. பெறுவது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாக அறிவியாமல், மின்னிலக்கப் பொருளுக்கு 'வாங்கு' என்னும் சொல்லை விற்போர் வழங்கலாகாது என்று அது விதித்தது. 2025 சனவரி முதல் நாள் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு வினைச்சொல்லின் பொருளைக் காக்கச் சட்டமன்றம் எழவேண்டிய நிலை வந்திருப்பது, சொற்பொருள் கற்பிக்கும் ஆசிரியர்களின் கருத்துக்கு உரியது.

வாங்குதல், வாடகைக்குப் பெறுதல், இரவல் பெறுதல் ஆகிய மூன்றும் தமிழில் மூன்று வேறு சொற்கள். அவற்றின் வேறுபாட்டைச் சிறுவரும் அறிவர். கைப்பேசியில் பாட்டுக் கேட்கும் மாணவனிடம், அவன் பெற்றிருப்பது இம்மூன்றனுள் எது என்று கேட்டால், அவ்வேறுபாடு அவனுக்கு உயிருள்ள பாடமாகும். அதன்பின் அவன் தன் செவிக்கு இனிய எந்த வடிவத்தையும் தேர்ந்துகொள்ளலாம். இழக்கலாகாது என்று கருதும் பாட்டுகளைப் பூட்டில்லாத கோப்பாகவோ தட்டாகவோ பெற்று, படி ஒன்றைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வானாயின், ஒலியைப் பற்றிய வாதம் எத்தனை ஆண்டு நீண்டாலும் அவனுக்கு இழப்பில்லை.